புளித்த பால் தாத்தா



போன ஐப்பசி மாதம் அலங்காநல்லூரில் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. என் பேரனுக்கு வைரஸ் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்து எழுந்தான். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வயிறு மட்டும் ஒரு வாரமாகியும் வழிக்கு வரவில்லை. அவன் அப்பா மருந்துக்கடைக்குப் போய் ஓர் அட்டை கேப்சூல் வாங்கி வந்தார். அதற்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையன் அல்லவா, அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். கிருமி வந்துதானே காய்ச்சல் வந்தது, இப்போது நாமே இன்னும் கிருமியை எதற்கு விழுங்க வேண்டும் என்பது அவன் கேள்வி. அவனுடைய அப்பத்தாவோ, உறை மோரில் இல்லாததா இந்தக் கேப்சூலில் இருக்கிறது, காசைக் கரியாக்குகிறார்களே என்று கோபித்துக்கொண்டார்.

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற வாத்தியார். உடனே தீர்ப்புச் சொல்வது வாத்தியார்களுக்குப் பழக்கமில்லை. கதை சொல்வதுதான் பழக்கம். அன்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

இப்போது உக்ரைன் என்று சொல்கிறோமே, அந்த நாட்டில் கார்கிவ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1845-ம் ஆண்டு மே மாதம் ஒரு பையன் பிறந்தான். அப்போது அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசில் இருந்தது. அப்பா ராணுவ அதிகாரி. ஐந்து பிள்ளைகளில் இவன்தான் கடைக்குட்டி. பெயர் இல்யா மெச்னிகாஃப். பின்னாளில் இவர் பிரான்சுக்குப் போனபோது அந்த ஊர்க்காரர்கள் இல்யாவை எலி ஆக்கிவிட்டார்கள். சிரிக்காதீர்கள்! அவர்கள் மொழியில் அது நல்ல பெயர்தான்.

ஓர் இடத்தில் உட்கார மாட்டான் இல்யா. வீட்டில் அவனுக்குப் பாதரசம் என்று பட்டப்பெயர். ஆனால் செடி, பூச்சி என்று ஏதாவது கையில் கிடைத்தால் மட்டும் மணிக்கணக்கில் அசைய மாட்டான். எட்டு வயதிலேயே தான் தெரிந்துகொண்டதை மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துவானாம். கேட்க யாரும் வராவிட்டால் தன் கைச்செலவுக் காசை அவர்களுக்குக் கொடுத்து உட்கார வைப்பானாம்! என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிய சில பேரை நினைக்கும்போது, இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். பிறகு ஜெர்மனி, இத்தாலி என்று போய்க் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். 1867-ல் ஒடெசா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது அவருக்கு வயது 22. மாணவர்களில் சிலர் அவரைவிட மூத்தவர்கள் என்றால் பாருங்களேன்!

இங்கிருந்து கொஞ்ச தூரம் கதை துக்கமாகப் போகும். 1869-ல் லுட்மிலா என்ற பெண்ணை அவர் மணந்தார். மணப்பெண் காசநோயால் மெலிந்து, நடக்கவும் முடியாத நிலையில் இருந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் தேவாலயத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. அந்த நோய் கிருமியால் வருகிறது என்பதே 1882-ல்தான் நிரூபிக்கப்பட்டது. நல்ல காற்றும் வெயிலும் பட்டால் குணமாகும் என்று சொல்லிச் சொல்லி, மனைவியை ஊர் ஊராக அழைத்துப் போனார் மெச்னிகாஃப். மருத்துவச் செலவுக்காக இரவு பகலாக உழைத்ததில் அவருடைய கண்ணும் கெட்டது. கடைசியில் அட்லாண்டிக் கடலில் இருக்கிற மதீரா தீவுக்குப் போனார்கள். அங்கே 1873-ல் லுட்மிலா இறந்துபோனார். மெச்னிகாஃப் அடியோடு உடைந்துபோனார். தேறி எழுந்து மறுபடி வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின.

இரண்டு வருடம் கழித்து ஓல்கா என்ற பெண்ணை மணந்தார். ஓல்காவுக்கும் 1880-ல் டைபாய்டு வந்து, பிழைப்பாரா என்ற நிலை வந்தது. நல்ல வேளை, அவர் பிழைத்தார். ஒருவருக்கு நோய் வந்தால் சாகிறார். இன்னொருவர் அதே போன்ற ஆபத்திலிருந்து எழுந்துவிடுகிறார். உடம்புக்குள் அப்போது என்னதான் நடக்கிறது? இதை இரண்டு முறை நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

பல்கலைக்கழகத்தில் அரசியல் குழப்பம் வரவே 1882-ல் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற கடற்கரை ஊருக்குப் போனார். ஒருநாள் வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியாக உட்கார்ந்து நட்சத்திர மீனின் குஞ்சை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குஞ்சின் உடல் கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். உடம்புக்குள் சில செல்கள் ஊர்ந்து ஊர்ந்து திரிந்துகொண்டிருந்தன. திடீரென்று அவருக்கு ஒரு யோசனை. இவை சும்மா ஊரைச் சுற்றுகின்றனவா, இல்லை காவல் காக்கின்றனவா? வெளியிலிருந்து எதிரி வந்தால் இவை என்ன செய்யும்?

எழுந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடற்கரைக்கே போய்விட்டு வந்தார். வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகளுக்காக ஒரு சின்ன ஆரஞ்சு மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அந்தத் தோட்டத்து ரோஜாச் செடியில் சில முட்களைப் பறித்து வந்து, நட்சத்திர மீன் குஞ்சின் தோலுக்கு அடியில் மெதுவாகச் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்திருந்தன அந்தச் செல்கள்! எங்கள் ஊர் வாடிவாசலைத் திறந்ததும் காளையின் திமிலைப் பிடிக்க நாலா பக்கமும் இளவட்டங்கள் பாய்வார்களே, அந்த மாதிரி. நம் ரத்தத்திலும் இப்படிப்பட்ட வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. உள்ளே நுழைந்த கிருமியைச் சுற்றி வளைத்து அப்படியே விழுங்கிவிடுகின்றன. காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது அல்லவா? அங்கே ஒரு போர் நடக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

ஊர் உடனே ஒப்புக்கொண்டதா என்றால் இல்லை. கிருமியை எதிர்ப்பது செல் அல்ல, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் பொருள்தான் என்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் வாதாடினார்கள். இருபது வருடங்களுக்கு மேல் நடந்தது அந்தச் சண்டை. இதற்கிடையில், 1886-ல் ஒடெசாவில் தொடங்கிய ஒரு தடுப்பூசி நிலையத்துக்கு மெச்னிகாஃப் தலைவரானார். அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்லர் என்பதால் ஊர் டாக்டர்கள் முகம் கொடுக்கவில்லை. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் உதவியாளர்கள் ஆடுகளுக்குப் போட்ட தடுப்பூசி தவறிப்போய், ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்து விழுந்தன. மனம் நொந்து 1888-ல் பாரிசுக்குப் போனார். அங்கே முதியவரான லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டாரே, அவர்தான், தம் புதிய நிறுவனத்தில் இவருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தையே கொடுத்துவிட்டார். சாகும்வரை மெச்னிகாஃப் அங்கேதான் இருந்தார்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒடெசாவில் மெச்னிகாஃபிடம் படித்த ஹாஃப்கின் என்ற மாணவர், ஆசிரியரைத் தேடிப் பாரிசுக்கு வந்து, முதலில் நூலக வேலைதான் பார்த்தார். 1892-ல் காலராவுக்குத் தடுப்பூசி செய்து தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டார். 1897-ல் பிளேக் நோய்க்கும் ஊசி செய்தார். மும்பையில் அவர் பெயரில் ஒரு நிறுவனமே இருக்கிறது. நல்ல ஆசிரியருக்கு அமைந்த நல்ல மாணவர்!

சரி, பாக்டீரியா கேப்சூலுக்கு வருவோம் என்கிறீர்களா? வந்துவிட்டோம்.

வயதாக ஆக மெச்னிகாஃபுக்கு ஒரு புதுக் கேள்வி பிறந்தது. மனிதன் ஏன் கிழவனாகிறான்? நம் பெருங்குடலில் கோடி கோடியாகக் கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றில் சில, உணவை அழுக வைத்து விஷத்தை உண்டாக்குகின்றன, அந்த விஷம்தான் உடம்பைத் தளர வைக்கிறது என்று அவர் நினைத்தார். அதற்கு மாற்று என்ன? பால் கெட்டால் நாறிப்போகும். ஆனால் அதே பால் உறைந்து புளித்துவிட்டால் நாறாது. புளிக்க வைக்கும் பாக்டீரியா ஒருவகை அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலத்தில் அழுகல் கிருமி வளர்வதில்லை. அப்படியானால் அந்தப் பாக்டீரியாவைக் குடலுக்குள் அனுப்பினால் என்ன?

பல்கேரியா நாட்டுக் கிராமங்களில் புளித்த பாலை நிறையக் குடிக்கிற மக்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளம் பல்கேரிய மருத்துவ மாணவர், தம் நாட்டுத் தயிரில் இருக்கும் குச்சி வடிவப் பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்தார். மெச்னிகாஃபுக்கு ஒரே மகிழ்ச்சி! 1904-லேயே பாரிசில் முதுமையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தார். 1907-ல் நீண்ட ஆயுளைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பச்சையாக எதையும் சாப்பிட மாட்டார். எல்லாம் வெந்திருக்க வேண்டும். தினமும் புளித்த பால் குடிப்பார். அவரைப் பார்த்து ஐரோப்பாவே தயிர் குடிக்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக உறை ஊற்றிக்கொண்டிருக்கிறோம், அங்கே அது மருந்துக்கடைச் சரக்காகிவிட்டது! புளித்த பால் பொடி, புளித்த பால் மாத்திரை என்று வியாபாரிகள் கடை விரித்தார்கள்.

1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தயிருக்காக அல்ல, அந்த முள்ளைச் சுற்றி மொய்த்த செல்களுக்காக. பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர் யார் தெரியுமா? எதிர்க்கட்சியான ரத்த நீர்க் கட்சியைச் சேர்ந்த ஜெர்மானியர் பால் எர்லிக்! செல்லும் தேவை, ரத்தத்தில் கரைந்த பொருளும் தேவை, இரண்டும் சேர்ந்துதான் நம்மைக் காக்கின்றன என்பது இன்று பள்ளிப் பாடம்.

தயிர் விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் சரியா? இல்லை, குழந்தைகளே. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல்கேரியக் கிராமத்து முதியவர்களுக்கு உண்மையில் எத்தனை வயது என்று யார் சரியாகக் குறித்து வைத்தார்கள்? எங்கள் தெருவிலும் நூறு தாண்டியதாகச் சொல்லிக்கொண்ட ஒரு பாட்டி இருந்தார். மூத்த மகனின் வயதை வைத்துக் கணக்குப் போட்டால் எண்பத்தைந்துதான் வரும். அது தவிர, பல்கேரியப் பாக்டீரியா நம் குடலில் நிலையாகக் குடியிருப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். இன்னொன்று, பெருங்குடலே மனிதனுக்கு வேண்டாத உறுப்பு என்கிற அளவுக்கு மெச்னிகாஃப் போய்விட்டார். அதை நம்பி லண்டனில் ஓர் அறுவை மருத்துவர் சிலருடைய பெருங்குடலையே வெட்டி எடுத்தார் என்றால் பாருங்கள்! பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காக எதையும் சோதிக்காமல் செய்தால் எவ்வளவு ஆபத்து!

ஆனால் அடிப்படைக் கேள்வி சரியான கேள்விதான். குடலில் இருக்கிற பாக்டீரியா எல்லாம் எதிரியல்ல. நம் உடம்பில் மொத்தம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். கிட்டத்தட்ட நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்குச் சமம்! ஆனால் எடை என்னவோ கால் கிலோ கூட வராது. பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. நாம் செரிக்க முடியாத நாரைப் புளிக்க வைத்துக் குடலுக்கு உணவாக்கித் தருகின்றன. எங்கள் ஊர்க் காளைகளைப் பாருங்கள். வைக்கோலைத் தின்றுவிட்டு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? வைக்கோலின் நாரைக் காளையால் தானாகச் செரிக்க முடியாது. அதன் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அதை உடைத்துக் கொடுக்கின்றன. வாடிவாசலில் சீறி வருவது காளை மட்டுமல்ல, அதன் வயிற்றுக்குள் இருக்கும் பெரும் பட்டாளமும்தான்!

வைரஸ் காய்ச்சல் வரும்போது இந்தப் பட்டாளம் கலைந்துபோகலாம். சில வைரஸ்கள் குடலையே தாக்கும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ், சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக இருக்கிற பகுதியைச் சிதைத்துவிடும். அது வளர்ந்து சரியாகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை பால் கூடச் சிலருக்குச் செரிக்காது. இன்னொரு காரணமும் உண்டு, அது நாமே செய்துகொள்வது. ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கும் டாக்டரைக் கேட்காமல் கடையில் அதை வாங்கி விழுங்குகிறார்கள். காய்ச்சல் வைரஸ் சிரித்துக்கொண்டு இருக்கிறது. குடலில் இருக்கும் அப்பாவி பாக்டீரியாக்கள் சாகின்றன. பிறகு வயிறு கோளாறு செய்யாமல் என்ன செய்யும்?

அப்படியானால் பாக்டீரியாவை வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகுமா? இதைப் பலர் சோதித்திருக்கிறார்கள். விடை ஒன்றாக வரவில்லை. 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்த குழந்தைகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வெளியானது. அமெரிக்காவில் 971 பேர், கனடாவில் 886 பேர். பாதிப் பேருக்கு உண்மையான பாக்டீரியா, பாதிப் பேருக்கு வெறும் பொடி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கடைசியில் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் குணமாகியிருந்தது! ஆனால் நம் ஒடிசா மாநிலக் கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு, ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவையும் அதற்குத் தீனியாக ஒருவகைச் சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் கிருமி பரவும் கொடிய நோயும் அதனால் வரும் இறப்பும் 40 சதவீதம் குறைந்தன. 2017-ல் வந்த முடிவு இது. கொரோனா வந்து போன பிறகும் பல மாதம் சோர்வும் மறதியும் வயிற்றுக் கோளாறுமாக அவதிப்பட்ட 463 பேருக்கு, ஹாங்காங்கில் ஆறு மாதம் இப்படி ஒரு பாக்டீரியாக் கலவையை ஆராய்ந்தார்கள். கலவையை உட்கொண்டவர்களில் அதிகம் பேருக்கு இந்தத் தொல்லைகள் குறைந்திருந்தன. 2023 கடைசியில் அதன் முடிவு வெளிவந்தது. ஆக, எந்தப் பாக்டீரியா, எவ்வளவு, யாருக்கு, எந்த நோய்க்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்துபோனவர்களுக்கும் இது ஆபத்தாகவும் முடியலாம்.

அப்பத்தாவின் மோர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மோர் நல்ல உணவு. பாலைவிட லேசாகச் செரிக்கும். ஆனால் எங்கள் வீட்டு உறையில் எந்தப் பாக்டீரியா, எத்தனை கோடி என்று யாரும் எண்ணியதில்லை. பக்கத்து வீட்டு உறையில் வேறு கூட்டம் இருக்கும். அதனால் டாக்டர்கள் அதை மருந்து என்று சொல்வதில்லை, சாப்பாடு என்றுதான் சொல்வார்கள். பேரனை மறுநாள் டாக்டரிடமே அழைத்துப் போனோம். உடம்பில் நீர் குறையாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும், துத்தநாக மாத்திரை பதினான்கு நாள் கொடுக்கவும், வழக்கமான சாப்பாட்டை நிறுத்தாமல் இருக்கவும் சொன்னார். கேப்சூல் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அப்பத்தா முகத்தில் அன்று வெற்றிக் களை! மோர் சாதத்தில்தான் அவன் தேறினான் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மோரா, துத்தநாகமா, இல்லை நாட்கள் போனதால் தானாகவே சரியானதா? ஒரே ஒரு பேரனை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் சொன்னேன். அப்பத்தா என்னை முறைத்தார்.

புளித்த பால் தாத்தாவின் கடைசி நாட்களையும் சொல்லிவிடுகிறேன். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. பாஸ்டர் நிறுவனத்தின் இளைஞர்கள் போர்முனைக்குப் போய்விட, ஆய்வுக்கூடங்கள் வெறிச்சோடின. உயிரைக் காப்பாற்றும் வழியைத் தேடியே வாழ்ந்த மனிதர், லட்சக்கணக்கான இளைஞர்கள் சாகிற செய்தியைத் தினமும் கேட்க வேண்டியதாயிற்று. அவருடைய இதயமும் பலவீனமாகிக்கொண்டே வந்தது. 1916 ஜூலை 15-ம் தேதி, தமது 71-வது வயதில் பாரிசில் காலமானார். நூறு வயதைத் தாண்டி வாழலாம் என்று சொன்னவர் எழுபத்தொன்றில் போய்விட்டாரே என்று கேலி பேசியவர்களும் இருந்தார்கள். தான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கியதே நடுவயதுக்குப் பிறகுதான் என்பதும், தன் குடும்பத்தில் பலர் இளம் வயதிலேயே போனவர்கள் என்பதும் அவர் கணக்கு. அது சரியா, தப்பா என்று சொல்ல இப்போது வழியில்லை.

மனைவி ஓல்கா அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்த மெசினா இரவும் சர்க்கஸ் குரங்குகளும் ரோஜா முள்ளும் அதில்தான் இருக்கின்றன. மெச்னிகாஃபின் அஸ்தியை ஒரு கலசத்தில் வைத்து, அவர் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில், புத்தக அலமாரிகளுக்கு நடுவிலேயே வைத்தார்கள்.